எந்த மொழியில் கேட்டார்கள்? ஒரு நாலு வயதுப் பிள்ளையின் ஆட்டிசம் அறிக்கையை வாசிப்பது

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூன்று நாள் பஸ் ஏறி அலைந்து, என் தங்கை மகனுக்கு ஒரு அறிக்கை வாங்கி வந்தோம். ஒன்றரைப் பக்கம். அதில் நான்கு எண்கள். ஐ.எஸ்.ஏ.ஏ. 98. பினே–காமத் 60. செகுவின் பலகை 108. சமூக வளர்ச்சி 64. அன்று பையனுக்கு வயது 4 வருடம் 2 மாதம்.

வீட்டில் முதலில் தாளை வாங்கிப் பார்த்தவர் எங்கள் அப்பா. "98 வாங்கியிருக்கானே, அப்புறம் என்ன குறை?" என்றார். தங்கையின் கண் 60-ஐ விட்டு நகரவில்லை. "ஏண்ணா, இவன் படிக்கவே மாட்டானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாப்பிள்ளை 108-ஐக் காட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஒரே தாளில் மூன்று பேரும் மூன்று வேறு பிள்ளைகளைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்த மையத்தில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அன்றைய ராத்திரி எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்திருக்கும். நான் தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியன். அன்று எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் இதே மாதிரி தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தமிழ் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

இப்படி ஒரு அறிக்கைக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்பது ஒன்று. அவனுடைய அறிவு வளர்ச்சி எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. ஒரே அறையில் ஒரே ஆள் பார்த்து ஒரே தாளில் எழுதுவதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைவாக இருக்கலாம், சராசரியாக இருக்கலாம், சராசரிக்கு மேலும் இருக்கலாம். அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து அரசு தொடர்ந்து எடுத்துவரும் கணக்கில், ஆட்டிசம் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமானவர்களுக்கு அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 70 அல்லது அதற்குக் கீழே வருகிறது. மிச்சமுள்ள பெரும்பகுதிக்கு அப்படி இல்லை. 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோதே அவர்களில் பலருடைய நினைவாற்றலைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே ஆட்டிசம் என்ற சொல்லைப் படித்ததும் 60-ஐ அதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருவோம். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமையும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரா என்று சொல்லும் பரிசோதனை அதற்குத்தான். அதற்குப் பிறகு எல்லாமே பிள்ளையைக் கவனிப்பதும் பெற்றோரிடம் கேட்பதும்தான்.

எதைக் கவனிக்கிறார்கள்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற வரையறை நூல் இரண்டு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, மற்றவரோடு சேர்ந்து பழகும், பரிமாறும் விதம். நம் ஊர்த் திருவிழாவில் யானை வந்தால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? யானையைக் கை நீட்டிக் காட்டும். உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்த்தியா?" என்று கேட்பது அந்தப் பார்வை. எங்கள் பையன் யானையைக் கண் எடுக்காமல் பார்ப்பான், அம்மா பக்கம் திரும்ப மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று சொல்வான். நாங்கள் அவனைக் கேட்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தன் தேவைக்கு வைத்துக்கொள்கிறான். இரண்டாவது பக்கம், ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் பொறுக்காமல் இருப்பது, ஒலி, தொடுகை, வாசனை இவற்றை மிகக் கூர்மையாகவோ மிக மந்தமாகவோ உணர்வது. செண்டை மேளம் ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, வழக்கமான பஸ் வேறு ரோட்டில் போனால் அலறுவது எல்லாம் இதில் வரும். தனித்தனியாக எடுத்தால் இவற்றில் பல எந்தப் பிள்ளையிடமும் இருக்கும். எல்லாம் சேர்ந்து, சிறு வயதிலிருந்தே இருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால்தான் அந்தப் பெயர் வைக்கிறார்கள்.

எங்கள் தாளில் இருந்த ஐ.எஸ்.ஏ.ஏ. என்பது இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அளவுகோல். 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. கண் பார்த்துப் பேசுகிறானா, உணர்ச்சிக்குப் பொருத்தமாக நடந்துகொள்கிறானா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா, வலி தெரிகிறதா என்று ஆறு பிரிவுகளாகப் போகும். எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கும் கூற்றுக்கு ஒன்று வீதம் 40 வந்துவிடும், அதிகபட்சம் 200. 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். புள்ளி கூடக் கூட அறிகுறிகள் கூடுகின்றன என்று பொருள். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. 98 என்றால் லேசான பிரிவின் மேல்பாதி.

வேறு மையங்களில் வேறு கருவிகள் இருக்கும். கார்ஸ் என்றால் 15 தலைப்புகள், 15 முதல் 60 வரை புள்ளி, 30-லிருந்து ஆட்டிசம். எம்-சாட் என்பது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். அது சல்லடை மாதிரி. அதில் மாட்டினால் மேலே பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம், ஆட்டிசம் உறுதி என்று அல்ல. திருவனந்தபுரத்தில் உருவாக்கிய டி.டி.எஸ்.சி. வளர்ச்சி அட்டவணையும் அப்படித்தான். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கார்ஸில் 35, நம் பிள்ளைக்கு 98 என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில அறிக்கைகளில் நிலை 1, 2, 3 என்று இருக்கும். எவ்வளவு துணை தேவை என்பதைச் சொல்வது அது. அறிவை அளப்பது அல்ல. பிள்ளை வளர வளர அது மாறவும் செய்யும்.

இரண்டாவது கேள்விதான் எங்கள் வீட்டைக் கலக்கியது.

பினே–காமத் தேர்வின் கணக்கு எளிது. பிள்ளை எந்த வயதுக்குரிய கேள்விகள் வரை பதில் சொல்கிறானோ அது மன வயது. அதை உண்மையான வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அறிவுத்திறன் எண். எங்கள் பையனுக்கு 50 மாதம். பதில்கள் 30 மாத அளவில் நின்றன. 30-ஐ 50-ஆல் வகுத்தால் 60. வெக்ஸ்லர் போன்ற புதிய தேர்வுகள் இப்படி வகுப்பதில்லை. அதே வயதுப் பிள்ளைகள் கூட்டத்தில் இவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும். சராசரி 100. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 70-க்குக் கீழே இருப்பவர்கள் 100-க்குச் சுமார் 2 பேர். அந்த அறிக்கைகளில் சதமானம் என்று ஒன்று வரும். 16-ஆம் சதமானம் என்றால் 100-க்கு 16 மார்க் என்று நினைத்துவிட வேண்டாம். 100 பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இவனுக்குக் கீழே 16 பேர் இருக்கிறார்கள் என்று பொருள். எண்ணில் சொன்னால் அது 85.

சரி, அந்த 60 எப்படி வந்தது? பினே தேர்வை இந்தியாவுக்கு ஏற்றபடி வி. வி. காமத் மாற்றியது 1930-களில், கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளை வைத்து. அந்தக் கருவியை ஒரு சைக்காலஜிஸ்ட் தன் மனத்துக்குள் மலையாளமாக்கி, வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையிடம் கேட்கிறார். அவர் அன்பானவர், அவசரப்படவும் இல்லை. ஆனால் அவர் படத்தைக் காட்டி "பூச்ச எவிடெ?" என்றார். இவனுக்குப் பூனை தெரியும், பூச்ச தெரியாது. "தாக்கோல்" என்றார். வீட்டில் அது சாவி. தண்ணீரைக் காட்டச் சொல்ல "வெள்ளம் எவிடெ?" என்றார். நம் வீடுகளில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருவது. பெரியவர்கள் நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரே மூச்சில் இரண்டு மொழியும் பேசுகிறோம். அதனால்தான் தங்கை அந்த அறையில் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. அவள் காதில் அந்தக் கேள்விகள் இயல்பாக விழுந்தன. நாலு வயதுப் பிள்ளை, அதுவும் பேச்சே தாமதமாக வந்த பிள்ளை, அந்தப் பாலத்தைத் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது.

தமிழில் கேட்டிருந்தால் 100 வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தமிழிலும் அவனுக்குப் பேச்சு பின்தங்கியே இருக்கிறது. அது உண்மை, அதை மறைப்பதால் அவனுக்குத்தான் நஷ்டம். ஆனால் 60-ல் எவ்வளவு அவனுடைய மொழித் தாமதம், எவ்வளவு தெரியாத மொழி, எவ்வளவு புது இடத்தில் புது ஆள் முன்னால் ஒத்துழைக்காதது என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளில் வழியே இல்லை. எந்த மொழியில் தேர்வு நடந்தது என்ற ஒரு வரிகூட அதில் கிடையாது. எல்லைப் பகுதிப் பிள்ளைகளின் அறிக்கையில் அந்த வரிதான் எனக்கு முதலில் வேண்டும்.

இப்போது 108. செகுவின் பலகை என்பது வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரவடிவங்களை அதனதன் குழியில் பொருத்துவது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எத்வார் செகுவின் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த வேலை. மூன்று முறை செய்யவைத்து, மிக வேகமாகச் செய்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். இதற்குப் பேச்சு அநேகமாக வேண்டாம். பையன் 54 மாதப் பிள்ளையின் வேகத்தில் முடித்தான். மாப்பிள்ளை சந்தோஷப்பட்டதில் தவறில்லை, ஆனால் இது கண்ணும் கையும் சேர்ந்து வடிவத்தைப் பிடிக்கும் ஒரு திறமையை மட்டும் காட்டுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தப் பக்கம் வலுவாகவே இருக்கும். இதை வைத்து முழு அறிவையும் சொல்ல முடியாது.

இங்கேதான் அறிக்கையின் உண்மையான செய்தி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 60-ஐயும் 108-ஐயும் கூட்டி வகுத்தால் 84. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் 84 மாதிரியான பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை. கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிற, காதால் கேட்டால் தடுமாறுகிற பிள்ளைதான் இருக்கிறான். வெக்ஸ்லர் தேர்விலும் சொல்வளம், வடிவ உணர்வு, தர்க்கம், வேலை நினைவு (கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைப்பது), வேகம் என்று பகுதி எண்கள் தனித்தனியாக வரும். பகுதிகளுக்குள் பெரிய இடைவெளி இருந்தால் மொத்த எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது அந்தத் துறையில் உள்ளவர்களே சொல்வது. வகுப்பில் 20 வருடம் மொத்த மார்க்கைப் பார்த்தே பழகிய எனக்கு இதை ஏற்க நேரம் பிடித்தது. பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது. குளிக்க, சாப்பிட, கிளம்ப என்று நாளின் வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். வாயால் பத்து முறை சொன்னால் நடக்காதது படத்தைக் காட்டினால் நடக்கிறது.

64 மிச்சம் இருக்கிறது. வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் பிள்ளையைச் சோதிப்பதில்லை, அம்மாவைக் கேட்கிறார்கள். தானாகச் சாப்பிடுகிறானா, சட்டை போடுகிறானா, கழிப்பறைக்குச் சொல்கிறானா? எங்கள் அம்மா, அதாவது அவனுடைய அம்மிச்சி, இன்றைக்கும் அவனுக்கு ஊட்டிவிடுகிறார். சட்டையும் அவரே மாட்டிவிடுகிறார். தங்கை உண்மையைச் சொன்னாள், புள்ளி போய்விட்டது. அவனுக்குச் செய்ய வரவில்லையா, செய்ய நாங்கள் விடவில்லையா என்பது அந்த எண்ணில் தெரியாது. நான்கு எண்களில் வீட்டில் இருந்தபடியே நாங்கள் மாற்றக்கூடியது இது ஒன்றுதான். அம்மாவிடம் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போகச் சொன்னோம். அழுதது பையன் அல்ல, அம்மாதான்.

எங்கள் தாளின் கடைசியில் லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று ஒரு முடிவு எழுதியிருந்தது. 50 முதல் 69 வரை அந்தப் பெயர் வைப்பது வழக்கம். ஆனால் அதற்கு அறிவுத்திறன் எண் மட்டும் போதாது, அன்றாடச் செயல்பாட்டிலும் குறை தெரிய வேண்டும். 5 வயதுக்குக் கீழே சரியாக அளக்க முடியாத நிலையில் பொது வளர்ச்சித் தாமதம் என்று எழுதி, பிறகு மறுபடியும் பார்க்கச் சொல்கிறது டி.எஸ்.எம்-5. தாமதம் என்ற சொல்லுக்கும் குறைபாடு என்ற சொல்லுக்கும் ஒரு அம்மாவின் மனத்தில் எவ்வளவு தூரம் என்று எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும். 1905-ல் பாரிஸில் ஆல்பிரெட் பினே இந்த மாதிரித் தேர்வை முதலில் செய்தது எந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு அளவு என்ற எண்ணத்தை அவரே எதிர்த்தார். சின்ன வயது எண்கள் அசையக்கூடியவை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. ஒன்று ஒன்றரை வருடம் பயிற்சிக்குப் பிறகு மறுபடி பார்ப்பது நல்லது. அதே தேர்வைச் சில மாதத்திலேயே திரும்ப வைத்தால் பழக்கத்தால் புள்ளி ஏறிவிடும், அதை நம்ப முடியாது.

அந்த மையத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், மலையாளம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது." இந்த அறிவுரை எனக்குக் கோபத்தையே தருகிறது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. இரண்டு மொழி வீட்டில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனாலேயே பேச்சில் மேலும் பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மிச்சிக்குச் சரளமாக வராத மொழியில் அவர் எப்படி அவனைக் கொஞ்சுவார், கதை சொல்வார்? ஏற்கனவே பேச்சுக்கு ஏங்கும் பிள்ளையைச் சுற்றி வீட்டையே ஊமையாக்குவதுதான் அது. அங்கன்வாடியில் மலையாளம், வீட்டில் தமிழ். நாங்கள் அப்படியே தொடர்கிறோம்.

இன்னொரு முறை போகும்போது நாங்கள் செய்யப்போவதைச் சொல்கிறேன். தேர்வு வைப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேட்போம், பதிவு எண் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வோம். இங்கே இல்லையென்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போவோம், எங்களுக்கு அது ஒன்றும் தூரமில்லை. பேச்சு வேண்டாத தேர்வுகளும் இருக்கின்றன. லெய்ட்டர் 3 வயதிலிருந்தே வைக்கலாம், சைகையிலேயே நடக்கும். ரேவனின் வண்ணக் கட்டங்கள் 36 படங்கள், 5 வயதிலிருந்து. அவற்றில் ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல்வோம். தூங்கும் நேரத்தில் அழைத்துப் போக மாட்டோம், போன முறை அவன் பாதியில் கண்ணைக் கசக்கினான். வீட்டில் அவன் விளையாடுவதையும் பேசுவதையும் போனில் எடுத்துக்கொண்டு போவோம். அறிக்கை கையில் வந்ததும் எழுந்துவிடாமல், எந்தக் கேள்வியில் நின்றான், எதில் சிரித்துக்கொண்டு செய்தான், எந்தப் பதிலை உதவி செய்தால் சொன்னான் என்று கேட்போம். ஸ்பீச் தெரபிஸ்டுக்கு எண்ணைவிட அந்தப் பதில்கள் உதவும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் பல உரிமைகள் திறக்கும், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அதில் ஒன்று. 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் மூளையில் 60 சதவீதம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை, அரசு உதவிக்கான ஒரு கணக்கு அது. நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு முக்கியமான செய்தி: ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று அதே சட்டம் சொல்கிறது. கேரளத்தில் வாங்கியதை வைத்துக்கொண்டு நாளை பொள்ளாச்சியில் பள்ளியில் சேர்த்தாலும் அது செல்லும். 1999-ஆம் வருடத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற காப்பீடும் இருக்கிறது, 1 லட்சம் ரூபாய் வரை. சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று பயந்து பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பத்தில் மறுத்தார். தெரபிக்கு மாதம் போகும் பணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், சரி என்றார்.

அடுத்த தேர்வு பையனுக்கு ஐந்தரை வயதாகும்போது. அதுவரை தங்கை ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அவன் தானாகச் சொன்ன சொற்களைத் தேதி போட்டுத் தமிழ் ஒரு பக்கம், மலையாளம் ஒரு பக்கம் எழுதுகிறாள். கேட்டதைத் திருப்பிச் சொன்னது சேராது, வேண்டிச் சொன்னது மட்டும். நேற்று வரை 63. அதில் 9 மலையாளம். கடைசியாக ஏறியது "ஆன". ரோட்டில் யானை போகும்போது சொன்னான். அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் கையைப் பிடித்து இழுத்தான் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள்.